முதல் பாகத்தார்

மனிதர்களில் முதல் பாகத்தார் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு படத்துக்கோ கதைக்கோ வீடியோ கேமுக்கோ இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து இவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. வெளிவரும் தேதி தள்ளிப்போனால் ஊரைக் கூட்டித் திட்டுவார்கள். முன்பதிவு தொடங்கிய கையோடு முதல் ஆளாகப் போய் நிற்பார்கள். கடைசியில் அது வந்து சேர்ந்ததும், உட்கார்ந்த இடம் சூடாவதற்குள், "முதல் பாகம் மாதிரி இல்ல" என்பார்கள். மாதிரி இல்லாமல் போனது குற்றம். அப்படியே முதல் பாகம் மாதிரியே இருந்துவிட்டால்? அது அதைவிடப் பெரிய குற்றம். "இதுக்கு எதுக்கு இன்னொரு பாகம்?" என்று கேட்பார்கள்.

இவர்களை வெறும் குறை சொல்கிறவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். குறை மட்டும் சொல்கிறவர் வீட்டுக்கு வீடு இருக்கிறார், அவருக்கெல்லாம் கட்டுரை எழுத முடியாது. முதல் பாகத்தார் நடுநிலைக்காரர். நிறையும் சொல்வார், குறையும் சொல்வார். "படம் புடிச்ச மாதிரி வரைஞ்சிருக்கான், இல்லேன்னு சொல்லல" என்று தலையை ஆட்டுவார். அந்த 'இல்லேன்னு சொல்லல' காதில் விழுந்ததும் நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். அடுத்து வருவது 'ஆனா'. அந்த 'ஆனா' லேசில் முடியாது.

நம்மவரையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். இருட்டறையில் உங்கள் மூக்கின்மேல் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, "முன்ன போட்டது தெளிவா இருக்கா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" என்று கேட்பார்களே, அந்த வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை அதையே கேட்டுக் கேட்டு மாமாவுக்குப் புத்தியே அப்படி ஆகிவிட்டது என்பது அவருடைய மைத்துனனின் கட்சி. இருக்கலாம். ஆனால் கடைக்கு வருகிறவர் "இப்ப போட்டதுதான் தெளிவா இருக்கு" என்றால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிற மனிதர், வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒரு நாளாவது அப்படி ஒப்புக்கொண்டிருக்கிறாரா? கிடையாது. புது மேனேஜர் வந்தால் பழைய மேனேஜர் தங்கமானவர். அந்தத் தங்கமானவர் இருந்த காலத்தில் அவருக்கு முன்னாலிருந்தவர் தங்கமானவர். இத்தனைக்கும் நம்மவர் அவர் அம்மாவுக்கு இரண்டாவது பிள்ளை. வீட்டில் யாரும் அதை ஞாபகப்படுத்துவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'கடைசித் துறைமுகம்' என்று ஒரு வீடியோ கேம். விண்வெளியில் நடக்கிற கதை. ஓட்டை உடைசலான ஒரு சரக்குக் கப்பலுக்கு நீங்கள் கேப்டன். கிரகம் கிரகமாகப் போவீர்கள். வழியில் கூட்டாளிகள் வந்து கப்பலில் சேர்வார்கள். வம்பு வந்தால் பேசியும் தப்பிக்கலாம், சுட்டும் தப்பிக்கலாம். யாராவது எதிரே வந்து ஒரு கேள்வி கேட்டால் திரையில் நாலு பதில் வரும். அதில் ஒன்றை நீங்கள் சொல்ல வேண்டும். சொன்ன பதிலுக்கு ஏற்ப உங்கள் கதை திரும்பும். அவ்வளவுதான் ஆட்டம். 'கடைசி' என்று பெயர் வைத்துவிட்டு அதற்கு இரண்டாம் பாகம் எப்படி விட்டார்கள் என்று கேட்காதீர்கள். விற்றது, விட்டார்கள்.

முதல் பாகம் வந்தபோது நம்மவருக்குக் கல்யாணம் ஆன புதிது. பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் என்ன பேசுவது என்று தெரியாமல், மின்விசிறி சத்தம் அதிகமாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியே ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். "கொஞ்சம் பொறுத்துக்குங்க", "டாக்டர் வந்துடுவாரு", "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நாள் முழுக்கத் தேனொழுகப் பேசிவிட்டு வருகிறவர். ஒரு நாள் சும்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ஏதோ ஒரு கிரகத்தின் கவர்னர் கப்பலுக்கு வரி கேட்டுக்கொண்டிருந்தான். வந்த நாலு பதிலில் ஆக மோசமானதை அம்மணி விரலால் காட்டி, "அதைச் சொல்லுங்க" என்றார். நம்மவர் பயந்துகொண்டே அதைச் சொன்னார். கவர்னர் படையோடு வந்தான். கட்டைவிரல் வீங்கும்வரை சுட்டுத் தள்ளித்தான் கப்பலை மீட்க முடிந்தது. அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. பேச்செல்லாம் அம்மணி. சுடுவதெல்லாம் நம்மவர். ஆஸ்பத்திரியில் விழுங்கிய வார்த்தையெல்லாம் கவர்னர்கள் தலையில் விழுந்தன. முதல் பாகம் முடிவதற்குள் பாதிக் கிரகங்களில் அவர்களைப் பிடித்துக் கொடுப்போருக்குச் சன்மானம் அறிவித்திருந்தார்கள். அவர்களோ ஒருவரையொருவர் வாடா போடி என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்திருந்தார்கள்.

அப்புறம் என்ன, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அம்மணிக்கு ஷிப்ட் மாறி மாறி வந்தது. நம்மவருக்கு ஞாயிறு மட்டும் விடுமுறை. ஒருவர் உள்ளே வர மற்றவர் வெளியே போக, 'வாடா போடி'யெல்லாம் கழன்று பழையபடி 'நீங்க', 'என்னம்மா' என்று ஆகி, பேச்சு பால் வாங்கியாச்சா, சிலிண்டர் தீர்ந்துவிட்டதா என்பதோடு நின்றது. இந்த லட்சணத்தில்தான் இரண்டாம் பாகம் வருகிறது என்று தெரிந்தது. அம்மணி வார்டில் எல்லார் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சி, யாருக்கும் வேண்டாத டியூட்டிகளையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளை விடுவித்துக்கொண்டார். எதற்கு? விண்கலத்தின்மேல் உள்ள பிரியத்தினாலா? தன் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து யாரையாவது திட்டி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த சோபாவில் அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறு. திரையில் பெயர் வந்தது, இசை வந்தது. நம்மவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"முதல் பாகத்துல இந்த மியூசிக் எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஆரம்பிங்க."

"இதுவும் நல்லாத்தான் போட்டிருக்கான், இல்லேன்னு சொல்லல. ஆனா..."

"ஆரம்பிங்கன்னா!"

கப்பல் ஒரு துறைமுகத்தில் இறங்கியது. சுங்க அதிகாரி ஒருவன் மீசையைத் தடவிக்கொண்டு வந்து, "கப்பல்ல என்ன இருக்கு?" என்று கேட்டான். நாலு பதில் வந்தது. அம்மணி கால்களைச் சோபாமேல் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாவதைக் காட்டினார். 'உன் மேலதிகாரியோட மூளை. தொலஞ்சுபோச்சுன்னு கேள்விப்பட்டேன், கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.' அதிகாரியின் முகம் சிவந்தது. விசில் ஊதினான். காவலர்கள் ஓடி வந்தார்கள். அம்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நம்மவரின் கட்டைவிரல் அசைந்தது. ஆனால் சுடுவதற்காக அல்ல. ஆட்டத்தை நிறுத்தி, சேவ் பண்ணி வைத்திருந்த இடத்துக்குத் திரும்பிப் போனார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"வசனம் எழுதுறவன் மாறிட்டான்னு நினைக்கிறேன். மத்த மூணு பதிலையும் பாத்தாத்தான் தெரியும்."

அம்மணியிடம் அப்போதுதான் பாட்டு வாங்கிய அதிகாரி, எதுவுமே வாங்காத முகத்தோடு மறுபடி மீசையைத் தடவிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பதிலாகச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் பின்னால் போய், நாலையும் பார்த்து முடித்தார் நம்மவர்.

"அப்ப நான் சொன்னது?" என்றார் அம்மணி.

"அதுவும் அதுல ஒண்ணுதானேம்மா. எல்லாத்தையும் பாத்துட்டு எது நல்லா எழுதியிருக்கோ அதை வெச்சுக்குவோம்."

எது நல்லா எழுதியிருந்தது தெரியுமா? 'காய்கறி இருக்கிறது, ஐயா.' அதை வைத்துக்கொண்டார். காவலர் யாரும் வரவில்லை, சண்டை கிண்டை எதுவும் இல்லாமல் கப்பல் கிளம்பியது.

இப்படி ஒரு பிழையை வேறு யாரும் செய்ய மாட்டார்கள். முதல் பாகத்தார்தான் செய்வார். எதையும் சொல்லிவிட்டு அதன் பலனை அனுபவிக்க மாட்டார். சொல்லிப் பார்ப்பார், பின்னால் போவார். மறுபடி சொல்லிப் பார்ப்பார், மறுபடி பின்னால் போவார். அன்றைய பொழுதெல்லாம் கப்பல் அந்த முதல் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. நம்மவர் சுவரோரமாக நடந்து எந்தக் கதவு திறக்கிறது, எது வெறும் படம் என்று தட்டிப் பார்த்தார். குட்டையில் விளக்கொளி தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். அம்மணி முதலில் காலைக் கீழே இறக்கினார், அப்புறம் போனை எடுத்தார், அப்புறம் துவைத்த துணியைக் கொண்டுவந்து மடிக்கத் தொடங்கினார். மடிக்கத் துணி தீர்ந்ததும் எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு மைத்துனன் வந்தான். அம்மணியின் தம்பி, ஏசி ரிப்பேர் செய்கிறவன், எந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்தாலும் 'சூப்பர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற பாக்கியவான்.

"கேம் எப்படி மாமா? நல்லாருக்கா, இல்லையா?"

"அப்படி ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுடா."

ஒரே வார்த்தையில் சொல்லவும் இல்லை. துப்பாக்கியைக் கையில் பிடித்தால் பிடித்த மாதிரியே இருக்கிறது, முதல் பாகத்தில் தண்ணீர்த் துப்பாக்கி மாதிரி இருந்ததே, அது பரவாயில்லை என்றார். ஊர்களைப் பெரிதாகக் கட்டியிருக்கிறான், ஜனங்கள் அவரவர் பாட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள் வருகிறார்கள், அதுவும் பரவாயில்லை என்றார். முகத்தில் மயிர்க்கால் தெரிகிறது, ஆனால் அந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சில் உயிர் இல்லை என்றார். வில்லன் என்று ஒருவன் வருகிறான், ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவன் மாதிரி இருக்கிறான், அவனைப் பார்த்தால் பயம் வரவில்லை, கொட்டாவி வருகிறது என்றார். போகிற இடமெல்லாம் என் பெட்டியைக் காணோம், தேடிக்கொடு என்கிறார்கள், நான் கேப்டனா, போர்ட்டரா என்றார். பை கனத்துவிட்டால் நடக்க முடியவில்லை, வரைபடத்தைப் பார்த்தால் வழி தெரியவில்லை என்றார். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பாகத்தில் வயிறு குலுங்கச் சிரித்தோமே, இதில் ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை என்றார். மைத்துனனின் தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"அக்கா சிரிச்சேன்னு சொல்லுச்சே மாமா? யாரோ ஆபீசரோட மூளைன்னு ஏதோ..."

"அது அவளுக்கு. நான் பொதுவா சொல்றேன்."

பொதுவாகத்தான் சொன்னார். முதல் பாகத்தார் தனக்கென்று எதையும் சொல்வதில்லை, உலகத்துக்காகத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சிரிக்காவிட்டால் அது சிரிப்பே இல்லை. அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது. மைத்துனன் காதில் அது விழுந்தது. ஆடையை ஊதி ஒதுக்கித் தேநீரைக் குடித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

இதற்கிடையில் கப்பலிலேயே ஒரு காரியம் நடந்துவிட்டது. இஞ்சினைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண் கூட்டாளியாக இருந்தாள். முதல் பாகத்திலும் அவள் உண்டு. அம்மணிக்கு ரொம்ப வேண்டியவள். இஞ்சின்காரி என்றே இருவரும் கூப்பிடுவார்கள். இந்தப் பாகத்தில் அவள் அடிக்கடி கப்பலின் நடைபாதையில் வந்து நின்று, "கேப்டன், நேரம் இருக்கா?" என்று கேட்டாள். நம்மவருக்கு ஏது நேரம்? பழைய கப்பலின் நடைபாதையைவிட இது அகலமா குறுகலா என்று பார்த்துக்கொண்டே அவளைத் தாண்டித் தாண்டிப் போனார். ஒரு நாள் ஒரு கிரகத்தில் கப்பல் நின்றபோது அவள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். சண்டையும் போடவில்லை, சாபமும் விடவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

நம்மவர் கொதித்துப் போனார். இதைவிடப் பெரிய குறை உண்டா? உட்கார்ந்து ஒரு நீண்ட விமர்சனம் எழுதி இணையத்தில் போட்டார். முதல் பாகத்தில் கூட்டாளிகள் கடைசிவரை கூடவே இருந்தார்கள், நாம் பேசினாலும் இருந்தார்கள், பேசாவிட்டாலும் இருந்தார்கள், அதுதான் கூட்டாளி என்பதற்கு அழகு. இரண்டாம் பாகத்திலோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள், இது கொஞ்சமும் இயல்பாக இல்லை, உண்மை வாழ்க்கையில் யாராவது இப்படிச் செய்வார்களா என்று கேட்டிருந்தார். முகம் தெரியாதவர்கள் குவிந்துவிட்டார்கள். 'அருமையான அலசல்' என்றார் ஒருவர். 'நிறை குறை இரண்டையும் நடுநிலையாகச் சொல்லியிருக்கிறீர்கள்' என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் மட்டும் 'அவள் எத்தனை தடவை வந்து நின்றாள் என்று சொல்லவே இல்லையே?' என்று கேட்டிருந்தார். அவரை நம்மவர் தடை செய்துவிட்டார்.

"இங்க பாரேன்!" என்று சோபாவின் மறுபக்கம் திரும்பினார். அங்கே தலையணை இருந்தது.

அம்மணி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் உடை, தோளில் பை, அதில் தண்ணீர் பாட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை.

"எங்க கிளம்பிட்ட? இன்னைக்கு லீவுதானே?"

"ஞாயித்துக்கிழமையைத் திருப்பிக் குடுத்துட்டேன். பாவம், எனக்குப் பதிலா வந்த அந்தப் பொண்ணுக்கும் குடும்பம் இருக்கு. எனக்கு இங்க என்ன வேலை?"

"என்ன வேலையா? கேம்..."

"நீங்க கேம் ஆடலீங்க. கண் டெஸ்ட் பண்றீங்க."

நம்மவர் மனதுக்குள் நாலு பதில் வந்தது. ஒன்றைச் சொல்லிப் பார்த்து, சரிப்படாவிட்டால் பின்னால் போய் அடுத்ததைச் சொல்லலாம் என்றால், வாசலில் அதற்கு வசதி இல்லை. பயந்துவிட்டார் என்றே சொல்லிவிடுகிறேன். எதைச் சொல்வதென்று தெரியாமல், "இஞ்சின்காரி போயிட்டா" என்றார்.

அம்மணி நிமிர்ந்து பார்த்தார். "அய்யோ, அவளா? ஏன்?"

"நான் அவகூடப் பேசலயாம்."

"திருப்பி லோட் பண்ணிப் பாத்தீங்களா?"

"எல்லாத்தையும் பாத்துட்டேன். எந்த சேவுக்குப் போனாலும் அவ அதுக்கு முன்னாலயே போறதுன்னு முடிவு பண்ணியிருக்கா."

"அப்ப எவ்வளவு பின்னால போகணும்?"

"முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

அம்மணி இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டார். பையைத் தோளில் சரி செய்துகொண்டார். "சாயங்காலம் வந்துடுவேன்" என்றார். "ஆரம்பிக்காம இருங்க."

நம்மவர் அன்று பகல் முழுக்கக் கன்ட்ரோலரைத் தொடவில்லை. தொடாமலிருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். சாயங்காலம் அம்மணி வந்து, முகம் கழுவி, காலைத் தூக்கிச் சோபாமேல் வைத்தார். இசை வந்தது. நம்மவர் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. சுங்க அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டு வந்தான். அம்மணி ஒன்றைக் காட்டினார். விசில் பறந்தது, காவலர்கள் வந்தார்கள், நம்மவர் சுட்டார், போதவில்லை. இருவரையும் தூக்கிக்கொண்டுபோய் ஒரு நிலவறைச் சிறையில் போட்டார்கள்.

நம்மவர் முழித்தார். அந்தச் சிறையை அவர் பார்த்ததே இல்லை. தப்பு நடந்த மறு நொடியே பின்னால் போய்விடுகிறவருக்குத் தப்புக்கு அப்புறம் என்ன கட்டி வைத்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? உள்ளே ஒரு கிழட்டுக் கடத்தல்காரன் இருந்தான். பக்கத்து அறையில், பல் வலியால் அலறுகிற ஒரு மந்திரி இருந்தான். அம்மணி அந்த மந்திரியிடம், ஆஸ்பத்திரியில் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவருக்கு மட்டுமல்ல.

சிரிப்பு அடங்கியதும் அம்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான்டா இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா..."

நம்மவர், ரொம்ப நாளைக்கப்புறம் வந்த அந்த 'டா'வுக்குச் சந்தோஷப்படுவதா, பின்னால் வந்த 'ஆனா'வுக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் அம்மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மணி வாக்கியத்தை முடிக்கவில்லை. வேண்டுமென்றே முடிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்களுக்கும் ஒரு வார்த்தை, வாசகரே. ஆரம்பம் ஓடியது, நடுவில் கொஞ்சம் இழுத்துவிட்டான், முடிவை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று இதற்குள் மனதில் தீர்ப்பு எழுதியிருப்பீர்கள். எழுதுங்கள், நடுநிலையாகத்தான் எழுதுவீர்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்" என்றீர்கள். இன்னும் இங்கேதான் இருக்கிறீர்கள்.